ஆராய்ச்சி வகுப்பா, இன்னொரு ஏபியா?

அமெரிக்க ஹைஸ்கூல்களில் பாடப்புத்தகமே இல்லாத ஓர் அறிவியல் வகுப்பு உண்டு. யார் அதில் சேரலாம், யார் ஒதுங்கி நிற்கலாம்?

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அமெரிக்க ஹைஸ்கூல் பிள்ளைகளின் கைக்கு அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வுப் படிவம் வந்துசேரும். நம் ஊரில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ‘ஃபர்ஸ்ட் குரூப்பா, தேர்டு குரூப்பா’ என்று ஒரே ஒருமுறை நடக்கும் பஞ்சாயத்து, அங்கே வருடா வருடம் நடக்கிறது. கணக்கில் எந்த நிலை, ஸ்பானிஷைத் தொடரலாமா, இசைக்குழுவை விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு வாதம். சில பள்ளிகளின் படிவத்தில், அறிவியல் பாடங்களின் வரிசையில் கடைசியாக இன்னொரு வரியும் இருக்கும்: ‘இண்டிபெண்டன்ட் சயின்ஸ் ரிசர்ச்’. தனித்த அறிவியல் ஆராய்ச்சி வகுப்பு.

நியூ ஜெர்ஸியிலோ டெக்சஸிலோ இருக்கும் தமிழ் வீட்டில் இந்த வரியைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கிளம்பும். “இதை எடுத்தால் நல்ல காலேஜ் கிடைக்குமா?” என்பார் அப்பா. “இதில் ஏ கிரேடு வாங்க முடியுமா?” என்று பிள்ளை கேட்கும். அமெரிக்கக் கல்லூரிக் கட்டணத்தையும் போட்டியையும் பார்த்தவர்கள் இந்தக் கேள்விகளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டுக்கும் நேர்மையான பதில் ‘உறுதி சொல்ல முடியாது’ என்பதுதான். அப்படியும் இந்த வகுப்பை எடுக்கலாம் என்று சொல்ல வலுவான காரணங்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லவும் உண்டு. பெயரைக் கேட்டு மயங்காமலும் மிரளாமலும் முடிவெடுக்க, முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

பாடப்புத்தகம் இல்லாத பீரியட்

இந்த வகுப்பில் பாடம் நடத்துவதில்லை. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் போவதே அபூர்வம். மாணவர் தனக்கென ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, சோதனையை வடிவமைத்து, அளந்து, அலசி, எழுதி, பத்துப் பேர் முன்னால் நின்று விளக்க வேண்டும். ஆசிரியரின் வேலை காலக்கெடு வைப்பதும், “அது எப்படித் தெரியும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்பதும்தான்.

நியூயார்க் மாநிலத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உருவானது. ஆர்மாங்க் என்ற ஊரில் இருக்கும் பைராம் ஹில்ஸ் ஹைஸ்கூலில் ராபர்ட் பவ்லிகா என்ற ஆசிரியர் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தார். ஆல்பனியில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் துணையோடு அது பல பள்ளிகளுக்குப் பரவியது. பத்தாம் வகுப்பில் தலைப்பைத் தேடி, கட்டுரைகளைப் படித்து, அந்தத் துறையில் வேலை செய்யும் விஞ்ஞானி ஒருவருக்கு மாணவரே கடிதம் எழுதி வழிகாட்டியாக இருக்கும்படி கேட்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலும் அதையொட்டிய கோடை விடுமுறைகளிலும் சோதனை. பன்னிரண்டில் எழுத்தும் போட்டிகளும். ஆசிரியருக்கு எல்லாத் துறையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மாணவரே தன் சிறு மூலையில் ஆசிரியரைவிட அதிகம் தெரிந்தவராக ஆக வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச் ஹைஸ்கூலில் இன்னொரு வகை. தொழில்துறையில் விஞ்ஞானியாக இருந்த வேலையை விட்டு ஆசிரியரான ஆண்டி பிரமான்டி, விண்ணப்பம் வாங்கி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் பள்ளி லேபிலேயே சோதனைகளைச் செய்ய வைக்கிறார். பத்திரிகையாளர் ஹெதர் வான் டெசோரியரோ அந்த வகுப்போடு ஒரு கல்வியாண்டு முழுக்க இருந்து, 2018-ல் ‘தி கிளாஸ்’ என்ற புத்தகமாக எழுதினார். வகுப்பறை ஒன்றைப் பற்றி இப்படி ஒரு முழுப் புத்தகம் வருகிறது என்றால், அது எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும் வகுப்பு இல்லை என்றும் பொருள். பல இடங்களில் இதே பெயரில் நடப்பது, ஒரு பீரியட் முழுக்கப் பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் இருக்கலாம். பெயர் ஒன்றுதான், தரம் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

பரிசுகள் வந்த வழி

இந்த வகுப்பின் மீது இவ்வளவு ஆசை எதனால்? போட்டிகளால். 1921-ல் செய்தித்தாள் அதிபர் இ.டபிள்யூ. ஸ்கிரிப்ஸும் விலங்கியலாளர் வில்லியம் ரிட்டரும் சேர்ந்து, அறிவியல் செய்திகளை மக்களுக்குக் கொண்டுசேர்க்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் கலக்கும் ஸ்பெல்லிங் பீயின் பெயரில் இருக்கும் அதே ஸ்கிரிப்ஸ்தான். இன்று ‘சொசைட்டி ஃபார் சயின்ஸ்’ என்று அழைக்கப்படும் அந்த அமைப்பு 1942-ல் ‘சயின்ஸ் டேலண்ட் சர்ச்’ என்ற போட்டியை ஆரம்பித்தது. முதலில் வெஸ்டிங்ஹவுஸ், 1998 முதல் இன்டெல், 2017 முதல் ரீஜெனரான் மருந்து நிறுவனம் என்று புரவலர்கள் மாறினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டுமான போட்டி இது. குழுவாக விண்ணப்பிக்க முடியாது. 300 பேருக்கு ஆளுக்கு 2,000 டாலர், அவர்கள் பள்ளிக்கும் 2,000 டாலர். அவர்களில் 40 பேர் மார்ச் மாதம் வாஷிங்டனுக்குப் போவார்கள். முதல் பரிசு 2,50,000 டாலர்.

1950-ல் பிலடெல்பியாவில் அதே அமைப்பு தொடங்கிய தேசிய சயின்ஸ் ஃபேர் பின்னர் சர்வதேசக் கண்காட்சியாக விரிந்தது. ஐசெஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். மூன்று பேர் வரை குழுவாகவும் சேரலாம். இந்தியாவிலிருந்தும் ஐரிஸ் தேசியக் கண்காட்சி வழியாக ஓர் அணி போகிறது.

பழைய வெற்றியாளர் பட்டியல் கண்ணைக் கூசவைக்கும். நோபல் பெற்ற ஷெல்டன் கிளாஷோ, ரோல்ட் ஹாஃப்மன், ஃபிராங்க் வில்செக் மூவரும் பள்ளிப் பருவத்தில் டேலண்ட் சர்ச் இறுதிச்சுற்றுக்கு வந்தவர்கள். இன்று புரவலராக இருக்கும் ரீஜெனரானின் தலைமை விஞ்ஞானி ஜார்ஜ் யான்கோபுலோஸும் 1976-ல் அந்த மேடையில் நின்றவர்தான்.

நம்மவர்கள் இந்தப் பக்கம் குவிந்ததற்கும் கணக்கு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு இறுதிச்சுற்றின் 40 பேரை அமெரிக்கக் கொள்கை ஆய்வு அமைப்பு ஒன்று ஆராய்ந்தது. 33 பேர் குடியேறிகளின் பிள்ளைகள். 14 பேருக்குத் தாய் தந்தை இருவருமே இந்தியாவில் பிறந்தவர்கள். தாயும் தந்தையும் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகள் ஏழே பேர். எச்1பி விசாவில் வந்து, லேபிலும் மென்பொருள் நிறுவனத்திலும் வேலை பார்த்த ஒரு தலைமுறையின் நம்பிக்கை இந்த எண்களில் தெரிகிறது. ஆனால் இதே எண்கள்தான் வீட்டில் அழுத்தத்தையும் கொண்டுவருகின்றன. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கும் போட்டியில் ஐம்பதில் ஒருவருக்குக்கூட இறுதிச்சுற்று கிடைக்காது. பரிசை நம்பி இந்த வகுப்பில் சேர்வது, லாட்டரியை நம்பி வீட்டுக்கடன் வாங்குவது போல.

முதல் பாடம்: கேள்வியைச் சுருக்குவது

பரிசை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சும்? ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் பனி இறுகாமல் இருக்க உப்பைத் தூவுவார்கள். பனி உருகும்போது அந்த உப்பு ஓடைக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘சாலை உப்பு சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா?’ என்ற கேள்வியோடு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேடைப் பேச்சுக்கு நல்ல தலைப்பு. ஆராய்ச்சிக்கு உதவாது. எந்த நீர்நிலை, எந்த உயிர், எவ்வளவு உப்பு, எதை அளக்கப்போகிறாய் என்று ஆசிரியர் துருவுவார். சில மாதங்கள் படித்து, அடித்துத் திருத்தி, கேள்வி இப்படி வந்து நிற்கும்: ‘எங்கள் ஊர்க் குளத்தில் மார்ச் மாதம் இருக்கும் அளவு குளோரைடு, டாஃப்னியா ஈனும் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறதா?’

டாஃப்னியா என்பது நன்னீரில் வாழும், புள்ளி அளவே உள்ள, இறால் வகைக்குத் தூரத்து உறவான சிற்றுயிர். உடம்பு கண்ணாடி போல இருப்பதால் பள்ளி நுண்ணோக்கியிலேயே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். விலை மலிவு. முதுகெலும்பு இல்லாத உயிர் என்பதால் முதுகெலும்புள்ள விலங்குகளுக்கான கெடுபிடி விதிகள் இதற்கு இல்லை. பத்து நாள் அளவில் ஈனத் தொடங்கிவிடும். ஆண் இல்லாமலேயே பெண் தன்னைப் போன்ற பெண் குஞ்சுகளை ஈனும் என்பதால், மரபில் ஒரே மாதிரியான உயிர்களை வைத்து ஒப்பிடலாம். சரியான கேள்விக்குச் சரியான உயிரைத் தேர்ந்தெடுப்பதே பாதி ஆராய்ச்சி என்பது அவளுக்கு இங்கேதான் புரியும்.

பிறகு தோல்விகள் வரிசையாக வரும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லா ஜாடியிலும் உயிர்கள் செத்துக் கிடக்கும். உப்பே போடாத ஜாடியிலும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கொன்றிருக்கிறது. ஒப்பீட்டுக்கு வைத்த ஜாடியே செத்துப்போனால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. மறுபடி ஆரம்பம். அடுத்த சுற்றில் ஜன்னலோர ஜாடிகளில் எண்ணிக்கை கூடியிருக்கும். உப்பின் விளைவா, வெயில் தந்த சூட்டின் விளைவா? தெரியாது. ஜாடிகளின் இடத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எது உப்பு ஜாடி என்று தெரிந்துகொண்டே எண்ணினால், எதிர்பார்ப்பு எண்ணிக்கையைச் சாய்த்துவிடும் என்பது அடுத்த பாடம். எண் மட்டும் எழுதிய ஜாடிகளைத் தோழியிடம் கொடுத்து எண்ணச் சொல்ல வேண்டும். கடைசியில் இரண்டு ஜாடிகளுக்கு நடுவே தெரியும் வித்தியாசம் உண்மையானதா, தற்செயலா என்று சொல்லப் புள்ளியியல் வேண்டும்.

இந்த நான்கு தடுமாற்றங்களில் ஒன்றையும் சாதாரண அறிவியல் வகுப்பில் சந்திக்க முடியாது. அங்கே லேப் வகுப்பில் செய்முறை தாளில் அச்சாகி வரும், விடையும் முன்பே தெரியும். ஆராய்ச்சி வகுப்பில் விடை ஆசிரியருக்கும் தெரியாது. பதினைந்து வயதில் ‘யாருக்கும் தெரியாத ஒன்று’ என்ற நிலையில் நின்று பழகுவதுதான் இந்த வகுப்பின் உண்மையான லாபம். அந்தப் பெண் பிறகு வக்கீலானாலும் வங்கிக்குப் போனாலும், ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று விளம்பரத்தில் வரும்போது ‘ஒப்பீட்டுக்கு என்ன வைத்தார்கள்?’ என்று கேட்பாள்.

அனுமதி வாங்கிய பிறகே ஆரம்பம்

பிள்ளைகளின் புராஜெக்ட் தானே என்று அலட்சியமாக இறங்க முடியாது. ஐசெஃப் வழியில் போகும் எந்த ஆய்வுக்கும் கண்டிப்பான விதிகள் உண்டு. வகுப்புத் தோழர்களின் தூக்கம் பற்றிய எளிய கருத்துக்கணிப்பாக இருந்தாலும், மனிதர்களைப் பற்றிய ஆய்வு என்பதால் கேள்வித்தாளைக் குழு ஒன்று முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வீட்டுச் சமையலறையில் பாக்டீரியா வளர்க்கத் தடை. விலங்குகள் மீதான சோதனைக்கு இன்னும் பல கட்டுப்பாடுகள். அனுமதிக்கு முன்பே தரவு சேகரித்துவிட்டால், ஆய்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தகுதி போய்விடும்.

எரிச்சலூட்டும் காகித வேலைதான். ஆனால் இன்னொருவர் உடம்பையும் நேரத்தையும் பயன்படுத்தும் முன் அனுமதி கேட்க வேண்டும் என்பதை விதியாகவே பழகிய பிள்ளை, நாளை மருத்துவராகவோ தொழில்நுட்ப நிறுவனத்தில் தரவைக் கையாள்பவராகவோ ஆகும்போது அது வீண் போகாது. இந்தப் படிவங்களைத் தலைகீழாகத் தெரிந்து வைத்திருக்கும் ஆசிரியர் இருப்பதும் இல்லாததும்தான் நல்ல வகுப்புக்கும் சுமாரான வகுப்புக்கும் உள்ள முதல் வித்தியாசம்.

விலை என்ன?

முதல் விலை நேரம். பீரியட் ஒன்றுதான் என்று படிவத்தில் இருக்கும். டாஃப்னியாவுக்குச் சனி, ஞாயிறு தெரியாது. கோடை விடுமுறையில் பாதி லேபில் போகும், இந்தியப் பயணம் சுருங்கும். பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபர் மாதம் எல்லாவற்றையும்விடக் கடினம். கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் முதல் தேதி கெடு. டேலண்ட் சர்ச் விண்ணப்பமும், அதற்கான இருபது பக்க ஆய்வறிக்கையும் ஏறக்குறைய அதே சமயம்தான். இரண்டும் மோதும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது விலை, விட்டுக்கொடுக்கும் பாடம். இங்கேதான் வீடுகளில் சண்டை. ஏபி என்பது கல்லூரி நிலைப் பாடத்தை ஹைஸ்கூலிலேயே படித்து மே மாதம் பொதுத்தேர்வு எழுதுவது. பல பள்ளிகளில் ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரிக் கணக்கில் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. ஆராய்ச்சி வகுப்புக்கு அந்தக் கூடுதல் மதிப்பு சில பள்ளிகளில் உண்டு, சில பள்ளிகளில் இல்லை. இதை ஊகிக்க வேண்டாம், பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் கணக்கு எளிமையானது. உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றிலும் ஒரு முழு ஆண்டுப் பாடம் படிக்காமல் ஆராய்ச்சிக்குப் போவது அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவதுதான், வேண்டாம். கணிதத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. புள்ளியியல் பாடம் இருந்தால் அது ஆராய்ச்சிக்குக் கூடப்பிறந்த தம்பி, சேர்த்தே எடுக்கலாம். ஆனால் போட்டி என்பது ஐந்தாவது ஏபிக்கும் ஆராய்ச்சி வகுப்புக்கும் நடுவே என்றால், ஆராய்ச்சிக்குத்தான் என் ஓட்டு. நாலு பாடத்தில் நன்றாகத் தேர்வெழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாவது தேர்வு புதிதாக எதுவும் கற்றுத்தராது.

மூன்றாவது, வழிகாட்டி கிடைப்பதில் இருக்கும் அதிர்ஷ்டம். பல்கலைக்கழக ஊரில் இருப்பவர்களுக்கும், அப்பாவோ அம்மாவோ லேபில் வேலை செய்பவர்களுக்கும் கதவு சீக்கிரம் திறக்கும். மற்றவர்கள் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதி எழுதிக் காத்திருக்க வேண்டும். 2018-ல் வெளிவந்த ‘சயின்ஸ் ஃபேர்’ ஆவணப்படத்தில் தெற்கு டகோட்டா மாணவி ஒருத்தி வருகிறாள். அவள் பள்ளியில் துணைக்கு வந்தவர் ஃபுட்பால் பயிற்சியாளர்! படத்தில் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆராய்ச்சி ஆசிரியர் என்ற ஒருவரே இல்லாத பள்ளிகளின் நிலையும் அதில்தான் தெரிகிறது.

தலைப்புச் செய்தியின் ஆபத்து

2012-ல் மேரிலாந்தைச் சேர்ந்த ஜாக் ஆன்ட்ராகா, கணையப் புற்றுநோயைக் கண்டறியும் சோதனைத் தாள் ஒன்றுக்காக ஐசெஃபின் முதல் பரிசை வென்றார். வயது 15. ஏறக்குறைய 200 பேராசிரியர்களுக்கு எழுதியதாகவும், ஒருவரைத் தவிர எல்லோரும் கைவிரித்ததாகவும் அவர் சொன்ன கதை உலகம் சுற்றியது. லேபில் இடம் கொடுத்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் அனிர்பன் மைத்ரா. பத்திரிகைகள் அந்தச் சிறுவனைப் புற்றுநோய்க்கு விடை கண்டவனாகவே கொண்டாடின. பின்னர் அந்தத் துறையின் விஞ்ஞானிகள் கணக்குகளைப் பார்த்து, சொல்லப்பட்டது மிகை என்றார்கள். அந்தச் சோதனை மருத்துவப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

பையனின் முயற்சி போற்றத்தக்கதுதான். பள்ளி மாணவரின் முதல் படியை மருத்துவப் புரட்சி என்று விற்றவர்கள் பெரியவர்கள். அந்தக் கொண்டாட்டத்தின் விளைவாக இன்று பிள்ளைகள் புற்றுநோய், அல்சைமர், செயற்கை நுண்ணறிவு என்று பெரிய வார்த்தைகளிலிருந்தே தலைப்பைத் தேடுகிறார்கள். தன் கையால் அளக்கக்கூடிய குளத்து நீரை விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் லேபில் யாரோ வடிவமைத்த சோதனையில் குழாயைக் கழுவித் திரும்புகிறார்கள். அறிக்கையில் மட்டும் ‘நான் கண்டறிந்தேன்’ என்று இருக்கும். போட்டி நடுவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. டேலண்ட் சர்ச் இறுதிச்சுற்றில், புராஜெக்டுக்குச் சம்பந்தமே இல்லாத அறிவியல் கேள்விகளையும் கேட்டுப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இந்த ஆசையைக் காசாக்க ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. 2023 மே மாதம் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் இதைத் தோண்டி எடுத்தது. பிள்ளைக்கு ஆராய்ச்சி வழிகாட்டி ஏற்பாடு செய்து, கட்டுரையை ஏதாவதோர் இதழில் வெளியிட உதவும் நிறுவனங்கள் 2,500 முதல் 10,000 டாலர் வரை வாங்குகின்றன என்று எழுதியது. மாணவர் கட்டுரைகளுக்கென்றே முளைத்த சில இதழ்கள் ஏறக்குறைய வந்ததையெல்லாம் வெளியிடுகின்றன. ட்யூஷனுக்குப் பழகிய நம் வீடுகளுக்கு இந்த வலை பழக்கமான உருவத்தில்தான் வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மிகவும் மதிக்கப்படும் கோடைக்கால ஆய்வுத் திட்டங்களில் ஒன்றான, எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ, தேர்வான மாணவரிடம் கட்டணமே வாங்குவதில்லை.

படிவத்தில் டிக் அடிக்கும் முன்

வகுப்பை நடத்தும் ஆசிரியரை நேரில் பாருங்கள். எத்தனை மாணவர்களுக்கு அவர் ஒருவர்? இருபதுக்கு மேல் என்றால் தனிக் கவனம் கிடைப்பது கடினம். தரவை அலசச் சொல்லித்தருகிறாரா? போன ஆண்டு மாணவர்களின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டுவாரா? முக்கியமாக, பரிசு எதுவும் வாங்காத ஒரு சீனியரிடம் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். பரிசு வாங்கியவர் எல்லாம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். ஒன்றும் வாங்காதவர் ‘மறுபடி வாய்ப்பு கிடைத்தாலும் எடுப்பேன்’ என்றால் அது நல்ல வகுப்பு.

வெளியேறும் வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்றாண்டுத் திட்டத்தில் முதலாண்டு முடிந்ததும் விலகலாம் என்றால் ஓராண்டு முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. முதலாண்டில் கட்டுரை படிக்கப் பழகியதே லாபம்.

பிள்ளையிடம் கேட்க வேண்டியது வேறு. “எந்தத் துறை பிடிக்கும்?” என்று கேட்காதீர்கள், ‘நியூரோசயின்ஸ்’ என்று அலங்காரமாக ஒரு பதில் வரும். “யாரும் சொல்லாமல் நீயாகவே தேடிப் படித்தது எது?” என்று கேளுங்கள். பறவையோ, வீட்டுக் கூரையின் சோலார் தகடோ, கிரிக்கெட் பந்து சுழலும் விதமோ, ஏதோ ஒன்று இருந்தால் போதும். ஒன்றுமே இல்லை என்றாலும் குற்றமில்லை, ஓராண்டு பொறுத்துக் கேட்கலாம். மதிப்பெண்ணில் நடுத்தரமாக இருக்கும் பிள்ளை என்பதால் ஒதுக்கிவிடவும் வேண்டாம். தேர்வு மேசையில் சோர்ந்துபோகும் சில பிள்ளைகள் லேப் மேசையில் மணிக்கணக்காக நிற்பார்கள். தேர்வுக்குத் தேவையான வேகம் வேறு, ஆராய்ச்சிக்குத் தேவையான பொறுமை வேறு.

இப்போதே இரவு ஒரு மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு இந்த வகுப்பு வேண்டவே வேண்டாம். எதையாவது விட்ட பிறகு வரட்டும்.

பள்ளியில் இந்த வகுப்பே இல்லையென்றால்?

பெரும்பாலான அமெரிக்கப் பள்ளிகளில் இல்லை. ஏபி ரிசர்ச் என்ற பாடம் சில இடங்களில் கிடைக்கும். முதலில் ஏபி செமினார் படித்துவிட்டு, பிறகு தன் கேள்விக்கு 4,000 முதல் 5,000 சொற்களில் ஆய்வுக் கட்டுரை எழுதி, குழுவின் முன் வாதாட வேண்டும். அறிவியல்தான் என்றில்லை, வரலாறும் இசையும்கூட எடுக்கலாம். அதுவும் இல்லாத இடத்தில், அக்கறையுள்ள ஓர் ஆசிரியரின் கையெழுத்தோடு தனிப்பட்ட ஆய்வாகச் செய்யப் பல பள்ளிகள் இடம் தருகின்றன. லேப் இல்லை என்பது இன்று பெரிய தடை இல்லை. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோள்களைப் பற்றி நாசாவின் தொலைநோக்கிகள் சேகரித்த தரவும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் இ-பேர்டு தளத்தில் குவிந்திருக்கும் பறவைக் கணக்கும் எல்லோருக்கும் இலவசம். அவை மதுரையிலிருந்து பார்த்தாலும் அதே தரவுதான்.

தமிழ்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வழி இல்லாமல் இல்லை. 1993-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய வைக்கும் ஏற்பாடு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் உழைப்பால், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிணற்று நீரையும் குப்பையையும் அளந்து, தமிழிலேயே அறிக்கை எழுதி மேடையேறியிருக்கிறார்கள். நல்ல யோசனை ஒன்றுக்கு 10,000 ரூபாய் தரும் மத்திய அரசின் இன்ஸ்பயர்-மானக் திட்டமும் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளியின் பளபளப்பு இவற்றுக்குக் கிடையாது, ஆனால் கேள்வியைச் சுருக்குவதும் அளப்பதும் இங்கேயும் அதே வேலைதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் விஞ்ஞானியாகவே இருந்தாலும் பிள்ளையின் ஆய்வைத் தொடாதீர்கள். லேபுக்குக் காரில் கொண்டுபோய் விடுங்கள், உணவு கட்டிக்கொடுங்கள், மேடைப் பேச்சை ஒத்திகை பார்க்கும்போது ஒன்றும் தெரியாதவராக உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். பேராசிரியருக்குப் போகும் மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும், பதில் வராத ஏமாற்றத்தையும் அதுவே தாங்கட்டும். முடிவு ‘உப்புக்கும் குஞ்சு எண்ணிக்கைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை’ என்று வந்தால், அதுவும் ஒரு முடிவு என்று சொல்லி, அன்றிரவு நல்ல சாப்பாடு போடுங்கள்.

அடிப்படைப் பாடங்கள் கையில் இருந்து, கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும் பள்ளியில் இருந்தால், ஓர் ஏபியை விட்டுக்கொடுத்து இந்த வகுப்பில் சேருங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அவசரப்படாதீர்கள், கல்லூரியின் முதலாண்டில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர்களும் நல்ல விஞ்ஞானிகளாக ஆகியிருக்கிறார்கள். போட்டிக்காக மட்டும்தான் சேரப்போகிறீர்கள் என்றால், அந்த இடத்தைக் கேள்வியோடு காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு விட்டுவிடுங்கள்.